டவரிலிருந்து இறங்கிய பெட்டிகள்: மின்சாரம் கொடுக்கும் முன் கனெக்டரைப் படித்தல்

காயலான் கடைகளுக்கு இப்போது டவர் சாமான்கள் நிறைய வருகின்றன. பழைய நெட்வொர்க்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டும்போது இறங்கும் பெட்டிகள் எடைக்கு விற்கப்பட்டு, கை மாறிக் கை மாறி, அலுமினியக் கூடு ஒரு விலை, போர்டு ஒரு விலை என்று பிரிந்துபோகின்றன. வருடக்கணக்கில் இரவு பகல் நிற்காமல் ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட கன்வெர்ட்டர்களும் அணுக் கடிகாரங்களும் மைக்ரோவேவ் பாகங்களும் சுத்தியலுக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் முடிந்தபோதெல்லாம் மொத்தமாக ஒரு லாட் எடுத்துவிடுவேன்.

இந்த முறை சென்னைக்கு வெளியே ஒரு கடையில் எடுத்த லாட்டில் இருந்தவை: மொபைல் டவரின் சிக்னல்களைக் கையாளும் ஹுவாவேயின் பிபியூ 3900 பெட்டி ஒன்று, எந்த லேபிளும் இல்லாத பெரிய போர்டு ஒன்று, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ருபீடியம் ஆசிலேட்டர் (ஒரு வகை அணுக் கடிகாரம்) ஒன்று, டவருக்கு டவர் கம்பியில்லாமல் இணைக்கும் மைக்ரோவேவ் லிங்க் ஒன்றின் உள்ளறைப் பெட்டியும் அதன் வெளிப்புற ரேடியோவும். பவர் கேபிள் ஒன்றுகூட இல்லை. தாமிரத்துக்காக முதலில் வெட்டி எடுப்பதே அதைத்தான். "எல்லாம் 12 வோல்ட்டுல ஓடும் சார், வண்டி பேட்டரி வெச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர். இந்த லாட்டில் 12 வோல்ட்டில் ஓடுவது எதுவுமே இல்லை.

இந்த மாதிரிச் சாமான்களில் கனெக்டரின் உருவம் உங்களுக்கு மின்னழுத்தத்தைச் சொல்லாது. கம்பியின் நிறமும் சொல்லாது. கனெக்டருக்குப் பின்னால் போர்டில் என்ன இருக்கிறது என்பதுதான் சொல்லும். அதை எப்படிப் படித்தேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் −48 வோல்ட் பற்றி. தொலைத்தொடர்புக் கருவிகளில் பெரும்பாலானவை இதில்தான் ஓடுகின்றன. 2 வோல்ட் ஈய அமில செல்கள் 24 சேர்ந்தால் 48. சார்ஜரோடு இணைந்து மிதவை நிலையில் இருக்கும்போது அதே வரிசை 53.5 வோல்ட் பக்கம் நிற்கும். அதனால் ‘48 வோல்ட்’ என்று எழுதியிருந்தாலும் அந்தக் கருவி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 53, 54 வோல்ட்டில்தான் கழித்திருக்கும். ஐரோப்பியத் தர நிர்ணயத்தின்படி −40.5 முதல் −57 வரை எங்கே இருந்தாலும் கருவி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். ஆகவே சரியாக 48-இல் வைக்க வேண்டும் என்று மெனக்கெடத் தேவையில்லை.

மைனஸ் ஏன் என்பதற்குப் பழைய காரணம் உண்டு. மண்ணுக்கடியில் ஈரத்தில் கிடக்கும் தாமிரக் கம்பி, பூமியைவிட பாசிட்டிவாக இருந்தால் மின்னாற்பகுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். நெகட்டிவாக வைத்தால் அந்த அரிப்பு அடங்கும். அதற்காக பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பூமியோடு சேர்த்தார்கள். மண்ணுக்குள் கம்பியே போகாத டவர் ரேடியோக்களிலும் அந்த வழக்கம் அப்படியே தொடர்கிறது.

இதிலிருந்து வரும் நடைமுறைச் சங்கதி ஒன்று மிக முக்கியம். பெட்டியில் ‘ஆர்டிஎன்’ (ரிட்டர்ன்) அல்லது ‘0வி’ என்று போட்டிருக்கும் முனைதான் பாசிட்டிவ். ஆடியோ, கார், சோலார் என்று பழகியவர்களுக்கு ‘ரிட்டர்ன்’ என்றால் நெகட்டிவ் என்றே கை போகும். நிறமும் உதவாது. ஹுவாவேயின் கேபிள்களில் நீலம்தான் −48, கருப்பு ரிட்டர்ன். அதாவது கருப்பு பாசிட்டிவ்! வேறு நாட்டில், வேறு ஆளின் கையால் பூட்டப்பட்ட இடத்தில் அதே கருப்பு −48 ஆக இருந்திருக்கும். வெட்டிய கேபிளின் மிச்சம் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மல்டிமீட்டரால் திசையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மீட்டரை டையோடு நிலையில் வைத்து, ரிட்டர்ன் என்று சந்தேகப்படும் பின்னில் சிவப்பையும் மற்றதில் கருப்பையும் வைக்க வேண்டும். எண் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் எல்லை தாண்டியதாகக் காட்டினால் உள்ளே இருக்கும் கபாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். அதுதான் சரியான திசை. முனைகளை மாற்றிப் பிடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். தொடரில் பாதுகாப்பு டையோடு இருந்தால் ஒன்றுமே காட்டாது. இல்லாவிட்டால் அரை வோல்ட் அளவில் எண் அசையாமல் நிற்கும், அது குறுக்கே இருக்கும் டையோடு. இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு: உள்ளே ஹாட் ஸ்வாப் (மின்சாரம் இருக்கும்போதே கார்டைச் செருக விடும்) கட்டுப்பாட்டுச் சிப் இருந்தால் கபாசிட்டருக்கு முன்னாலேயே ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது மீட்டர் சொல்வதை நம்பாமல் பெட்டியைத் திறந்துவிடுவது நல்லது.

அடுத்து, ரிட்டர்ன் பின்னுக்கும் பெட்டியின் உலோக உடம்புக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். சிலவற்றில் உள்ளேயே இணைத்திருப்பார்கள், சிலவற்றில் தனித்தனியாக விட்டிருப்பார்கள். எது என்பதை எழுதி வைத்துக்கொள்வது பின்னால் ஆசிலாஸ்கோப்பை மாட்டும்போது உதவும்.

பிபியூ 3900 சுலபமாக முடிந்தது. 19 அங்குல ரேக்கில் இரண்டு யூனிட் உயரம், வலது ஓரத்தில் பவர் கார்டு. அந்தக் கார்டின் பெயர் யூபிஇயூ. அதன் கடைசி எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏ’ என்றால் −48 வாங்கி 12 வோல்ட் ஆக்கும். ‘பி’ என்றால் +24 வாங்கி 12 ஆக்கும். இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் பொருந்துபவை. +24 வோல்ட் டவர்களும் உலகில் இருந்தன என்பதை மறந்துவிட்டு, ‘டெலிகாம் என்றால் 48’ என்று கொடுத்தால் ‘பி’ கார்டு போய்விடும். எனக்கு வந்தது ‘ஏ’. கார்டில் இருக்கும் சிறிய எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்தபோதே கேள்வி தீர்ந்தது.

அதன் பவர் கனெக்டர், கம்ப்யூட்டரின் பழைய சீரியல் போர்ட் மாதிரி டி உருவம் கொண்டது. உள்ளே மெல்லிய பின்களுக்குப் பதிலாகத் தடித்த வட்டப் பின்கள். இந்தக் குடும்பத்தின் பெயரிடும் முறை தெரிந்தால் தேடுவது சுலபம்: 7டபிள்யூ2 என்றால் மொத்தம் ஏழு பின்கள், அதில் இரண்டு சிறப்புப் பின்கள். 3டபிள்யூ3 என்றால் மூன்றும் சிறப்புப் பின்களே. சிறப்பு என்பது கரண்டுக்கான தடித்த பின்னாகவும் இருக்கலாம், டிவி கேபிள் மாதிரி நடுக்கம்பியும் சுற்றுக்கூடும் கொண்ட கோஆக்ஸ் செருகலாகவும் இருக்கலாம். ஒரே ஓட்டைக்குள் இரண்டும் பொருந்தும். ஆக, தடிப்பாக இருக்கிறதே என்பதற்காகப் பவர் என்று முடிவுகட்ட முடியாது. நடுவில் ஊசியும் சுற்றிலும் வளையமும் தெரிந்தால் கோஆக்ஸ், ஒரே திடமான உலோகமாக இருந்தால் பவர். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் ஜோடிக் கனெக்டர் சில சமயம் கிடைக்கும். கிடைக்காதபோது கார்டைத் திறந்து, போர்டில் கனெக்டரின் கால்களிலேயே தடித்த சிலிக்கான் ஒயர் பற்றவைத்து, வெளியே பியூஸோடு கொண்டுவருவேன். மூலக் கனெக்டரைப் பிடுங்க மாட்டேன்.

இனி லேபிள் இல்லாத போர்டுக்கு வருகிறேன். இந்த லாட்டில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது அதுதான்.

தயாரிப்பாளர் பெயர் சுரண்டப்பட்டிருந்தது. முகப்புத் தகட்டில் சில ஆர்ஜே45, ஃபைபர் கேபிளுக்கான தொகுதியைச் செருகும் இரண்டு எஸ்எஃப்பி கூண்டுகள், மேலும் கீழும் கைப்பிடி. கையில் இருந்த ஒரே ஆதாரம் அளவு. டேப்பால் அளந்தேன்: உயரம் 322 மில்லிமீட்டர், ஆழம் 280. இந்த ஜோடி எண்ணைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது. அட்வான்ஸ்டு டிசிஏ என்ற தொலைத்தொடர்புச் சேஸிஸ் தரத்தின் போர்டு அளவு இது. தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் பின்பக்கக் கனெக்டர் எல்லாவற்றிலும் ஒன்றே. சொந்தக் கனெக்டர் வைத்த ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே இப்படிப் பொதுத் தரத்தில் கட்டிய ஒன்று கிடைப்பது பெரிய வசதி.

பின்பக்கத்தில் கீழ் மூலையில் இருக்கும் கனெக்டர்தான் பவருக்கானது. மெல்லிய பின்களும் தடித்த பின்களும் கலந்திருக்கும். எண்கள் 34 வரை போகும். ஒன்று போனாலும் மற்றது தாங்க −48 இரண்டு வழியாக வரும்: 33-ஆம் பின் ‘ஏ’ வழி, 34 ‘பி’ வழி. 28-ம் 29-ம் அவற்றின் ரிட்டர்ன். 25 சேஸிஸ் எர்த், 26 லாஜிக் கிரவுண்ட். 30, 31 இரண்டும் ‘எர்லி’ பின்கள்: கார்டைச் செருகும்போது இவை முதலில் தொட்டு, ரெசிஸ்டர் வழியாக உள்ளே இருக்கும் கபாசிட்டர்களை மெதுவாக நிரப்பும். 27, 32 இரண்டும் ‘எனேபிள்’. இவை மற்றவற்றைவிடக் குட்டையானவை. கார்டு முழுவதும் உள்ளே போன பிறகுதான் தொடும். சேஸிஸில் இவை ரிட்டர்னோடு சேர்ந்திருக்கும். 32 ‘ஏ’ வழிக்கு, 27 ‘பி’ வழிக்கு.

தரம் இப்படிச் சொன்னாலும் போர்டு அதன்படி இருக்கிறதா என்று தடம் பிடித்துப் பார்க்காமல் நான் பவர் கொடுப்பதில்லை. 33-இலிருந்து தடித்த தாமிரத் தடம் ஒரு பியூஸுக்குப் போகிறது, அங்கிருந்து டையோடு, அங்கிருந்து பொதுநிலை வடிகட்டும் சுருள். 34-இலிருந்தும் அப்படியே. டையோடுகளுக்குப் பிறகு இரண்டு வழியும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் சோதனைக்கு ஒரு வழியை மட்டும் கொடுத்தால் போதும், இன்னொன்று இல்லை என்று ஓர் அலாரம் எரியும், அவ்வளவுதான்.

தர அளவில் இல்லாத பெட்டி வந்திருந்தாலும் இந்த இடத்தில் நிற்கும் பாகங்களே மின்னழுத்தத்தைச் சொல்லிவிடும். உள்வாயில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரில் 100 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் 48 வோல்ட் பெட்டி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 50 வோல்ட் என்றால் 24-ஆக இருக்கும். 400, 450 என்றால் அது வீட்டு மின்சாரத்துக்கானது, கையை எடுங்கள். மின்னல் அதிர்ச்சியைத் தாங்க வைக்கும் டிவிஎஸ் டையோடு இன்னும் நல்ல சாட்சி. 1.5கேஇ68ஏ என்று இருந்தால் அது 58 வோல்ட் வரை சும்மா இருந்து, 68 பக்கம் கடத்தத் தொடங்குவது. அது 48 வோல்ட் வழிக்குச் சரியாக அமையும். 1.5கேஇ39ஏ என்றால் 33 வோல்ட் வரைதான் சும்மா இருக்கும், ஆகவே 24 வோல்ட் வழி. பிறகு டிசி-டிசி ‘பிரிக்’, அதாவது ஒரு டிசி மின்னழுத்தத்தை வேறொன்றாக மாற்றும் கன்வெர்ட்டர் கட்டி. கால்பிரிக், அரைபிரிக் என்று அளவுக்குத் தகுந்த பெயர் கொண்ட அந்தக் கட்டியின் மேலேயே ‘36–75’ என்று உள்ளீடு எழுதியிருக்கும், அல்லது பார்ட் நம்பரில் 48 என்ற எண் ஒளிந்திருக்கும். கபாசிட்டர், டிவிஎஸ், பிரிக் மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒன்று முரண்பட்டாலும் காரணம் தெரியும்வரை நிறுத்திவிடுவேன்.

பவர் கொடுக்கும் வேலை. ஆய்வு மேசை சப்ளையின் இரண்டு 30 வோல்ட் வெளியீடுகளைத் தொடரில் சேர்த்து, ஒவ்வொன்றும் 26.5 என்று வைத்து 53 வோல்ட் எடுத்தேன். பாசிட்டிவை ரிட்டர்னுக்கும் எர்த்துக்கும், நெகட்டிவை −48-க்கும் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கரண்ட் லிமிட் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண சர்க்யூட்டைச் சோதிக்கும்போது மின்னழுத்தத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவோம், கரண்ட்டைச் சிறிதாகக் கட்டி வைப்போம். டெலிகாம் கன்வெர்ட்டரில் இந்தப் பழக்கம் குழப்பத்தைத்தான் தரும். அது நிலையான வாட் கேட்கும் சுமை. 150 வாட் வேண்டுமென்றால் 53 வோல்ட்டில் 2.8 ஆம்பியர் இழுக்கும், 40.5-இல் 3.7 ஆம்பியர் இழுக்கும். சப்ளை திணறி மின்னழுத்தம் இறங்கினால் அது குறைவாக இழுக்காது, இன்னும் அதிகமாக இழுக்கும். 35 வோல்ட் பக்கம் வந்ததும் தன்னை அணைத்துக்கொள்ளும். சுமை போனதும் சப்ளை மீண்டும் ஏறும், கன்வெர்ட்டர் மீண்டும் எழும்பும், மீண்டும் விழும். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் பலர் பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நான் இரண்டு கட்டமாகச் செய்கிறேன். முதலில் 100 மில்லி ஆம்பியருக்குக் கட்டி, 20 வோல்ட் வரை மட்டும் ஏற்றி, ஷார்ட் இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். கன்வெர்ட்டர் இந்த அளவில் எழும்பாது, கபாசிட்டர்கள் மட்டும் நிரம்பும். அது சரியாக இருந்தால் அணைத்துவிட்டு, தேவையான முழு ஆம்பியரைத் திறந்து, 53 வோல்ட்டை ஒரே வீச்சில் கொடுத்துவிடுவேன். பியூஸ் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் கட்டம் சுத்தமாக இருந்தது. 53 வோல்ட் கொடுத்தால் சில மில்லி ஆம்பியர் மட்டும் ஓடியது, எங்கும் விளக்கு இல்லை. எதிர்பார்த்ததுதான், எனேபிள் பின் காற்றில் இருந்தது. 32-ஐ 28-ஓடு ஒரு சின்ன ஒயரால் சேர்த்ததும் முகப்பில் நீல விளக்கு எரிந்தது. பத்து வாட்டுக்குள் இழுவை. கைப்பிடியை மூடியதும் நீல விளக்கு நீளமாக விட்டு விட்டு மின்னத் தொடங்கியது.

அதற்கு மேல் நகரவில்லை. அது பழுதில்லை, அந்தத் தரத்தின் ஒழுங்கு. சேஸிஸில் இருக்கும் மேலாளர் கார்டு ‘உனக்கு இத்தனை வாட் அனுமதி’ என்று சொல்லும்வரை போர்டு தன் மேலாண்மைச் சிப்பை மட்டும் பத்து வாட்டுக்குள் ஓட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நீளமான மின்னல் என்றால் ‘அனுமதி கேட்டிருக்கிறேன்’ என்று பொருள். எங்கள் மேசையில் அனுமதி கொடுக்க ஆள் இல்லை.

எனக்கு வேண்டியது அந்தப் போர்டின் கணினி இல்லை, அதிலிருந்த 12 வோல்ட் பிரிக். அதற்கு ‘ஆன்/ஆஃப்’ என்று ஒரு கால் இருக்கும். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அந்தக் காலைச் சும்மா விட்டால் ஓடும். மற்றொன்று, அதை உள்ளீட்டின் நெகட்டிவோடு சேர்த்தால்தான் ஓடும். என் போர்டில் பிரிக்கின் அந்தக் காலிலிருந்து தடம் ஒரு ஆப்டோகப்ளருக்கு (ஒளியால் இயங்கும் சுவிட்ச்) போய், அதன் மறுமுனை உள்ளீட்டு நெகட்டிவுக்குப் போனது. சும்மா இருக்கும்போது பிரிக் ஓடவில்லை என்பதால் இது இரண்டாம் ஜாதி. ஆப்டோகப்ளரின் அந்த இரண்டு கால்களை நெகட்டிவ் பக்கம் குறுக்கே சேர்த்ததும் 12 வோல்ட் வந்தது. பிரிக்கைப் போர்டிலிருந்து பிடுங்க நினைக்க வேண்டாம். பல அடுக்குத் தாமிரம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கால் கழன்று வருவதற்குள் பிரிக்கின் உள் சால்டரே உருகிவிடலாம். அதன் உள்வாய்க் கபாசிட்டரும் வடிகட்டியும் அங்கேயே அதற்குப் பொருத்தமாக இருக்கின்றன. பவர் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, வெளிவாய்க் கபாசிட்டரின் கால்களிலிருந்து ஒயர் எடுத்தேன். காற்றோட்டத்துக்கு ஒரு மின்விசிறி கட்டாயம், இவை சேஸிஸின் பலத்த காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டவை.

ருபீடியம் ஆசிலேட்டர் வேறு ரகம். எஃப்இ-5680ஏ என்ற மாடல், அமெரிக்காவின் ஃப்ரீக்வென்சி எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. சிடிஎம்ஏ என்ற பழைய மொபைல் முறையின் பேஸ் ஸ்டேஷன்களுக்கு ஜிபிஎஸ் நேரம் உயிர்நாடி. ஜிபிஎஸ் கிடைக்காமல் போனாலும் நேரம் வழுவாமல் தாங்கிப் பிடிக்கவே இப்படிப்பட்ட கடிகாரங்களை வைத்தார்கள். சிடிஎம்ஏ சேவைகள் மூடப்பட்ட பின் இவை உலகம் முழுக்க உபரியாகக் கொட்டின. ருபீடியம் அணுவின் 6.8347 கிகாஹெர்ட்ஸ் அதிர்வைப் பிடித்துக்கொண்டு 10 மெகாஹெர்ட்ஸ் தரும் கருவி பழைய சாமான் விலைக்குக் கிடைப்பது ஹாம் ரேடியோக்காரருக்கு வரம்.

வெளியே தெரிவது ஒன்பது பின் டி கனெக்டர் மட்டும். பார்த்தால் அச்சு அசலாகக் கம்ப்யூட்டர் சீரியல் போர்ட். நேரான சீரியல் கேபிளைச் செருகிவிடாதீர்கள், பவரும் இதே கனெக்டரில்தான் வருகிறது. உபரிச் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வகையில் 1-ஆம் பின் +15 வோல்ட், 2 அதன் கிரவுண்ட், 3 ‘லாக்’ அறிகுறி, 4 +5 வோல்ட், 5 கிரவுண்ட், 6 நொடிக்கு ஒரு துடிப்பு, 7 பத்து மெகாஹெர்ட்ஸ், 8-ம் 9-ம் ஆர்எஸ்-232 சீரியல் வழி. ஆனால் இந்த மாடல் எண்ணின் கீழ் பல வகைகள் உண்டு, பின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றில்லை. அதனால் மூடியைக் கழற்றி, 2-ம் 5-ம் உடம்போடு சேர்ந்திருக்கின்றனவா, 1-ஆம் பின் பெரிய சுருளுக்கும் கபாசிட்டருக்கும் போகிறதா, 4 லாஜிக் சிப்களின் பக்கம் போகிறதா, 8-ம் 9-ம் ஆர்எஸ்-232 சிப்பில் முடிகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின.

15 வோல்ட் சப்ளை இரண்டு ஆம்பியர் தாங்க வேண்டும். உள்ளே விளக்கையும் ருபீடியம் கூண்டையும் சூடாக்கும்வரை 1.8 ஆம்பியர் பக்கம் இழுக்கும், சூடேறிய பின் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கமே நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். சில நிமிடங்களில் 3-ஆம் பின் மேலிருந்து கீழே விழுந்தால் பூட்டிக்கொண்டது என்று பொருள். என்னுடையது பூட்டியது! அடித்தகடு தடித்த அலுமினியத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். வெறும் மேசையில் வைத்து ஓட்டினால் சூடு போக வழியில்லாமல் ஆயுள் குறையும்.

இனி கோஆக்ஸ் கனெக்டர்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் குழம்பும், வெர்னியர் இருந்தால் குழப்பமே இல்லை. பெண் கனெக்டரின் வெளிமரையை அளந்தால், 6.35 மில்லிமீட்டர் என்றால் எஸ்எம்ஏ, 9.5 என்றால் டிவி கேபிளில் வரும் எஃப், 11.1 என்றால் டிஎன்சி, 15.9 என்றால் ‘என்’ (N) வகை, 29 என்றால் 7/16 டின். கடைசியில் வரும் பெயரே அளவுதான்: உள் கடத்தி 7 மில்லிமீட்டர், வெளிக்கடத்தியின் உள்விட்டம் 16. டவர் உச்சியில் அதிக வாட்டைத் தாங்கவும், தளர்ந்த இணைப்பில் பிறக்கும் கலப்பு அலைகளைத் தவிர்க்கவும் இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். ‘என்’ வகையில் 50 ஓம், 75 ஓம் இரண்டும் உண்டு. 75-இன் நடு ஊசி மெல்லியது. 50 ஓம் ஆணை 75 ஓம் பெண்ணில் வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்ளே இருக்கும் விரல்கள் விரிந்துவிடும், பிறகு அதில் எதுவும் சரியாகத் தொடாது.

என் லாட்டின் மைக்ரோவேவ் ஜோடியில் ஆபத்து இந்தக் கோஆக்ஸில்தான் இருந்தது. உள்ளறைப் பெட்டிக்கும் வெளிப்புற ரேடியோவுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள், இரு முனையிலும் ‘என்’ வகை. பார்ப்பதற்கு ஆன்டெனா போர்ட் மாதிரியே இருக்கும். அதே கேபிளில் போகும் சிக்னலும் வரும் சிக்னலும் தனித்தனி இடைநிலை அலைவரிசையில் ஓடும். பல தயாரிப்புகளில் 350 மெகாஹெர்ட்ஸில் மேலே, 140-இல் கீழே. கூடவே, ரேடியோவுக்கான −48 வோல்ட்டும் அந்த நடு ஊசியில்தான் போகிறது. உள்ளறைப் பெட்டியின் இந்த வாயில் ஸ்பெக்ட்ரம் அனலைசரை மாட்டினால் அனலைசரின் முகப்பு மிக்சர் போய்விடும். வாடகைக்கு வாங்கியதோ நண்பரிடம் இரவல் வாங்கியதோ என்றால் இன்னும் கஷ்டம். எந்த டெலிகாம் கோஆக்ஸ் வாயாக இருந்தாலும் முதலில் நடு ஊசிக்கும் உடம்புக்கும் இடையே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். அதன் பிறகும் டிசி தடுப்பானும் தணிப்பானும் போட்டுத்தான் மாட்ட வேண்டும். ரேடியோவைத் தனியாக ஓட்டுவதென்றால், நடு ஊசி நெகட்டிவ், வெளிக்கூடு பாசிட்டிவ். கோஆக்ஸில் நடு என்றாலே பிளஸ் என்று பழகிய கைக்கு இது எதிர்த்திசை.

வெளிப்புற ரேடியோவின் ஆன்டெனா பக்கத்தில் கனெக்டர் கிடையாது, செவ்வக அலைகுழாய் வாய். அதன் உள் அகலம் 15.8 மில்லிமீட்டர் வந்தது. 25.4-ஆல் வகுத்தால் 0.622 அங்குலம். டபிள்யூஆர் எண் என்பது இந்த அகலத்தை நூறில் ஒரு பங்கு அங்குலத்தில் சொல்வது, ஆகவே இது டபிள்யூஆர்-62. அது 12.4 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரைக்கானது. பாதி அழிந்த லேபிளில் தெரிந்த 15 என்ற எண் இதோடு பொருந்தியது. இந்த அலைவரிசையில் ஒலிபரப்ப ஹாம் உரிமம் உதவாது. அதனால் வாயில் அலையை வெளியே விடாமல் விழுங்கிக்கொள்ளும் அலைகுழாய் லோடு ஒன்றைப் பூட்டிவிட்டுத்தான் மின்சாரமே கொடுத்தேன். காலியாக விட்டு நேராகப் பார்ப்பதும் கண்ணுக்கு நல்லதல்ல. எஸ்எஃப்பி வாய்க்கும் இதே எச்சரிக்கை. 1310, 1550 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்ஜே45 வாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. டெலிகாம் பெட்டியில் அது ஈதர்நெட்டாகவும் இருக்கலாம், தொலைபேசி நெட்வொர்க்கின் பழைய டிஜிட்டல் இணைப்பான இ1 ஆகவும் இருக்கலாம், கன்சோல், வெளி அலாரம், ஆர்எஸ்-485 எதுவாகவும் இருக்கலாம். பிபியூவின் பவர் கார்டிலேயே இருக்கும் ஆர்ஜே45-கள் கண்காணிப்புக்கும் அலாரத்துக்குமானவை. லேப்டாப்பைச் செருகும் முன் வாய்க்குப் பின்னால் பார்க்க வேண்டும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கட்டி இருந்தால் ஈதர்நெட் அல்லது இ1. 1, 2, 4, 5 ஆகிய நான்கு பின்கள் மட்டும் அதற்குப் போனால் இ1. மேக்ஸ்3232 மாதிரிச் சிப் இருந்தால் சீரியல் கன்சோல், 485 வகைச் சிப் இருந்தால் கண்காணிப்பு வழி, ஆப்டோகப்ளர் வரிசை இருந்தால் அலாரம்.

கடைசியாக ஆசிலாஸ்கோப். அதன் முனையின் கிரவுண்ட் கிளிப் சுவர் எர்த்தோடு சேர்ந்தது. நம் பெட்டியில் ரிட்டர்ன், அதாவது பாசிட்டிவ், எர்த்தில் இருக்கிறது. பழக்க தோஷத்தில் கிளிப்பை −48 பக்கம் மாட்டினால் 53 வோல்ட் சப்ளை முழுவதும் ஸ்கோப்பின் கிரவுண்ட் ஒயர் வழியாக ஷார்ட் ஆகும். மேசைச் சப்ளையென்றால் அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நான்கு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரில் வைத்து ஓட்டினால் ஒயர் சிவந்து உருகும். 60 வோல்ட்டுக்குள் இருப்பதால் ஷாக் பெரிதாக அடிக்காது என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். பேட்டரியில் பயப்பட வேண்டியது ஷாக்குக்கு அல்ல, ஆம்பியருக்கு. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, பேட்டரி முனையை ஒட்டியே பியூஸ் போட்டுத்தான் நான் வேலை செய்கிறேன். −48 பக்கத்தில் அலை பார்க்க வேண்டியிருந்தால் டிஃபரென்ஷியல் புரோப், அல்லது இரண்டு சேனலைக் கழித்துப் பார்க்கும் முறை.

ஒவ்வொரு பெட்டியிலும் இப்போது ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பின் பாசிட்டிவ், ரிட்டர்ன் உடம்போடு சேர்ந்ததா, 53 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எந்த இரண்டு பின்னைச் சேர்த்தால் எழும்பும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ருபீடியத்தின் 10 மெகாஹெர்ட்ஸ் என் அலைவரிசை மீட்டருக்குப் போகிறது, பிரிக்கின் 12 வோல்ட் மேசையை ஓட்டுகிறது. வெளிப்புற ரேடியோவுக்கு மட்டும் டிசி-யும் சிக்னலும் பிரிக்கும் ஒரு பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது, அதற்கான சுருளை இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறேன்.